"தானா சரியாயிடும்" என்று போகும் மூன்று வருடம்

"அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான். தானா சரியாயிடும்." உத்திரமேரூர் ஒன்றியத்துக் காலனிகளில் பேச்சு வராத, நடை வராத குழந்தைகளைப் பற்றி நாம் விசாரிக்கும்போது அதிகம் காதில் விழும் பதில் இதுதான். சொல்பவர் பெரும்பாலும் பாட்டி. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. களை எடுக்கவோ கம்பெனிக்கோ போய்விட்ட மருமகளின் பிள்ளையைப் பகல் முழுக்க இடுப்பில் வைத்திருப்பவர் அவர்தான். அவர் சொல்வது பல பிள்ளைகள் விஷயத்தில் பலிக்கவும் செய்கிறது. பலிக்காமல் போகும் பிள்ளைதான் அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுக்கிறது.

முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தையின் மூளை வளரும் வேகத்துக்குப் பிறகு அது எப்போதும் வளர்வதில்லை. காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு வராததற்கு நாக்கு காரணமில்லை. கேட்காத சொல்லை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? அதனால்தான் பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைச் சோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும் என்று உலகெங்கும் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு ஆறு வயது என்ற வரம்பு இருப்பதும் இதனால்தான். பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் அந்தக் கதவு பாதி சாத்தியிருக்கும்.

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்தில் தினம் ஒரு சிறு மாத்திரையைத் தொடங்கினால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போல் வளரும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி குன்றிப்போகும், பிறகு எந்த மாத்திரையாலும் அதைத் திருப்ப முடியாது. உள்நோக்கி வளைந்த பாதமும் அப்படியே. பிறந்த சில வாரங்களிலேயே வாரா வாரம் மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நேராக்கிவிடலாம். அதன்பின் நான்கு வயது வரை இரவில் தனிக் காலணி மாட்டித் தூங்க வைக்க வேண்டும். பாதியில் விட்டால் பாதம் மறுபடி வளையும்.

எல்லாம் குணமாகும் என்று நாம் சொல்லவில்லை. மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் மறைந்துபோகிற நோய்கள் அல்ல. ஆனால் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சி இல்லாவிட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கி, ஐந்து வயதில் உட்கார்ந்திருக்கக்கூடிய பிள்ளை பாயோடு கிடக்கும். உட்கார முடிந்த பிள்ளை பள்ளிக்குப் போகும். இந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் முழு ஆயுசுக்குமானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் மட்டும் பார்த்தால் அது 2.45. பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாதவர்களிடம் 2.18. புள்ளிக்குப் பின்னால் வரும் சிறு எண்தானே என்று தள்ளிவிடக் கூடாது. 20 கோடிப் பேருக்கு மேல் உள்ள ஒரு மக்கள் கூட்டத்தில் அந்தச் சிறு எண்ணுக்குள் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். காரணம் நம் உடம்பில் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரியவந்தது. கர்ப்ப காலத்திலும் செங்கல் சூளையில் கல் சுமப்பவள் யார், கிரஷர் தூசியில் வேலை செய்பவள் யார் என்று பார்த்தால் மீதி விளங்கும். இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சேரிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். மறு ஆண்டு பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. அந்த நிலம் கைமாறிப்போன கதை தனி. நிலம் போன வீட்டில் நெல்லும் போனது, நெல் போன வீட்டில் தாயின் இரத்தமும் வற்றியது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இதில் நம்மைச் சுடும் விஷயம் ஒன்று உண்டு. மாற்றுத்திறனுள்ள பிள்ளை பிறந்தால் "முன்வினை" என்கிறார்கள், "கிரகணத்துல வெளிய வந்திருப்பா" என்கிறார்கள். ஊரார் சொன்னால் கோபம் வரும். நம் சொந்தக் காலனியிலேயே இதைக் கேட்கிறோம். பிறப்பைக் காரணம் காட்டி, போன பிறவிப் பாவம் என்று சொல்லித்தான் நம்மைச் சேரியில் தள்ளினார்கள். அந்தப் பொய்யை எதிர்த்து நூறு வருடமாகப் போராடுகிற நாம், அதே பொய்யை நம் வீட்டுத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைமேல் ஏற்றலாமா? மந்திரிக்கவும் தாயத்து கட்டவும் அலையும் மாதங்கள்தான் காதுக்கும் காலுக்கும் மருத்துவம் பார்த்திருக்க வேண்டிய மாதங்கள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என 30 வகைப் பாதிப்புகளைப் பார்த்து, தேவைப்படும் பிள்ளையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றிருக்கிறது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. கிராமப்புறத்தில் வீட்டுக்கு அருகிலேயே இலவச மருத்துவம் என்றும் அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது.

அந்த "அருகில்" என்ற சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒன்றியத்தின் மூலையிலுள்ள காலனிக்கு அதற்கும் மேல், அதிலும் பேருந்து நிற்கும் இடம்வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பல ஊனங்களும் சேர்ந்த பிள்ளைகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது நம் மாவட்டம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது முட்டுக்காடும் அந்தப் பக்கம் போனது, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும் போனது. சிகிச்சைக்கு மாவட்ட எல்லை தடையில்லைதான். ஆனால் இரண்டு மூன்று பேருந்து மாறிக் கடற்கரைச் சாலைக்குப் போய் வர ஒரு பகல் முழுதும் ஆகும். சாதாரண நகரப் பேருந்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் டிக்கெட் இல்லை என்பது உண்மையிலேயே பெரிய உதவி. போன நாளின் கூலிக்கு யார் பொறுப்பு? வாரம் இரண்டு நாள் பயிற்சி என்றால் மாதம் எட்டு நாள் கூலி போகும். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். எட்டு நாள் கூலியோடு அதை வைத்துப் பாருங்கள்.

இன்னொரு ஓட்டை, குழு வரும் நாளில் பிள்ளை ஊரில் இல்லாமல் போவது. சூளைக்குப் போன குடும்பம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டுதான் போகும். 2019இல் காஞ்சிபுரம் பக்கம் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைக் கொத்தடிமையிலிருந்து மீட்டபோது அவர்களோடு குழந்தைகளும் இருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளை எந்த அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும்?

வழி இல்லாமல் இல்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் பாருங்கள். கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர் அவர். அந்தச் சங்கம் பிள்ளை மையத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சுற்றுக் கிராமங்களின் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் கைப்பேசிச் செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிய, இயன்முறை மருத்துவர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். தாய்க்கும் பாட்டிக்கும் பயிற்சி கற்றுத் தரப்படுகிறது. நம் பாட்டிகளுக்கும் இது ஆகாதா? பகல் முழுக்க பிள்ளையோடு இருப்பவருக்குக் கற்றுக் கொடுப்பதுதானே நியாயம்.

அரசும் இந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை உண்டு. நீரிழிவுக்காரருக்கு மாத்திரை கொண்டுவரும் அதே வண்டி காலனிப் பிள்ளையின் வீட்டு முன்னும் நிற்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி மையம் கேட்பது பிச்சை கேட்பதாகாது.

உத்திரமேரூர் என்றதும் பாடப்புத்தகம் குடவோலையைக் காட்டும். 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவன் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது. சேரிக்காரன் பெயருக்கு அங்கே ஓலை இல்லை. மாணவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கட்டும். 2025இல் திருத்தப்பட்ட சட்டம் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராக்கச் சொல்கிறது. அந்த நாற்காலியில் காலனியிலிருந்து ஒருவர் உட்கார்ந்தால் அங்கன்வாடிப் பரிசோதனைத் தேதியைக் கேட்க ஆள் கிடைக்கும்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை சிறியவைதான். மருத்துவக் குழு கடைசியாக எந்தத் தேதியில் நம் அங்கன்வாடிக்கு வந்தது, எத்தனை பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதியது, அதில் எத்தனை பேர் மையத்துக்குப் போனார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க: இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லையா, நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லையா, ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லையா, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, ஒன்றரை வயதில் நடையோ ஒற்றைச் சொல்லோ இல்லையா, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லையா, வந்த பேச்சு நின்றுபோனதா, உடனே காட்டுங்கள். பிறந்ததும் அழாத பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, குறைமாதப் பிள்ளை, மஞ்சள் காமாலை முற்றியோ வலிப்பு வந்தோ பிழைத்த பிள்ளை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமலே காட்டலாம். தாய் சேய் நல அட்டையில் இவற்றுக்குப் படமே போட்டிருக்கிறது. கல்லூரிக்குப் போகும் அக்கா ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அந்தப் படங்களைத் தெருப் பாட்டிகளுக்குக் காட்டினால் போதும்.

முதலில் கிராமச் செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லி, மாவட்ட மையத்துக்கு எழுத்தில் சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாக "காஞ்சிபுரம் போங்க" என்றால் விடாதீர்கள். ஆறு வயதுக்கு மேல் என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பாருங்கள்; பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டு வழிக் கல்வியும் உண்டு. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். முகாமுக்குப் போகும் நாளில் பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் கூலி போகும்.