தறியோசையும் அண்டை வீடும்

குமாரபாளையத்திலும் சோமனூரிலும் தெருவில் நடப்போர் விசைத்தறியின் ஓசையைக் கேளாதிருத்தல் அரிது. அவ்வோசையே பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. அடுத்த வீட்டுத் தொட்டிற் குழந்தையை நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கச் செய்வதும் அதுவே.

நாடா இருபுறமும் மாறி மாறி அடிபட்டு ஓடுவதே இரைச்சலுக்கு மூலம். தறிக்கூடத்தினுள் அது 90 டெசிபலையும் தாண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுமே வரம்பாக வகுத்துள்ளன. டெசிபல் கணக்கு விந்தையானது. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிவிடும்! வரம்பை அவ்வளவு மீறினால் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.

ஆயினும், மனு எழுதுமுன் தறி உரிமையாளரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். தறியின் கால்களுக்கடியில் ரப்பர் திண்டு வைத்தால் சுவரதிர்வு குறையும். வீட்டுப்பக்கச் சன்னலை அடைக்கலாம். இரவு ஓட்டத்தை நிறுத்தலாம்.

நமக்கேனும் நடுவே ஒரு சுவர் உண்டு. தறி ஓட்டுபவருக்கு அதுவும் இல்லை. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேசச் செல்வோர், அவருக்குச் செவியடைப்பான் வாங்கித் தருமாறும் கேட்டு வாருங்கள்.