படகோட்டியைப் பிடித்தால் போதுமா?

2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தது. புதிய பாலம் கட்டும் வேலை நடந்த காலம். பள்ளிப் பிள்ளைகளும் அந்தப் படகில்தான் போய்வந்தார்கள். அன்றே ஆறு உயிர்கள் போயின. ஊர் கொதித்தது. படகுச் சேவையை நடத்தியவர்கள் கைதானார்கள்; நகரசபைத் தவிசாளரும் கைதானார்.

யார் குற்றவாளி என்று நீதிமன்றம் பார்க்கும். ஏன் நடந்தது, இனி நடக்காதிருக்க எதை மாற்றுவது என்பதை வேறாக விசாரிக்க வேண்டும். விமானத்துறையில் அந்த ஒழுங்கு உண்டு.

விமான விபத்தில் என்ன செய்கிறார்கள்?

சிவில் விமானப் போக்குவரத்துக்கான சர்வதேச சிக்காகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பின்படி, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவது அல்ல. தண்டனைக்குப் பயந்தவர் நடந்ததை மறைப்பார் என்பதே காரணம்.

1978 நவம்பர் 15 அன்று கட்டுநாயக்க அருகே ஐஸ்லாந்து விமானமொன்று விழுந்து, ஹஜ் பயணிகள் உட்பட 183 பேர் இறந்தனர். விமானிகள் தரையிறங்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றது இலங்கை அறிக்கை. தரையில் இருந்த வழிகாட்டும் கருவியையும் ரேடார் தகவலையும் குறை சொன்னது ஐஸ்லாந்துத் தரப்பு. ‘விமானியின் பிழை’ என்று கோப்பை மூடிவிட்டால், கருவியைப் போய்ப் பார்க்க ஆளிருக்காது.

ஆனால் 13ஆம் இணைப்பு இராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது. 2023 ஆகஸ்ட் 7 அன்று சீனக்குடாவில் பயிற்சி விமானம் விழுந்து இரு அதிகாரிகள் இறந்தபோது, விமானப்படை நியமித்த குழுவே விசாரித்தது.

படகுத்துறையில் கேட்க வேண்டியவை

எத்தனை பேர் ஏறலாம் என்று துறையில் எழுதியிருக்கிறதா? அதை எண்ணுபவர் யார்? பள்ளி மணி அடிக்கப் போகும் நேரத்தில் “இனி ஏறாதீங்க” என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் ஓடும் படகில், ஆளை இறக்கிவிடுபவருக்கு வருமானமும் குறைகிறது. ஓட்டுநரை மாற்றினாலும் இந்த நெருக்கடி மாறாது.

தெரிந்தே அனுமதியின்றி ஓட்டியவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அது வழக்காகட்டும், திருத்தமும் நடக்கட்டும்.

உங்கள் உரிமைகள்

* மரண விசாரணையில் உறவினர் சாட்சியம் சொல்லலாம். கைப்பேசிக் காணொளியை முகநூலில் போடாமல் பொலிஸில் ஒப்படையுங்கள்.
* கவனயீனத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.
* அரச அமைப்பு அடிப்படை உரிமையை மீறியிருந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் இந்தக் கெடுவில் சேராது.
* கைதானவருக்கும் சட்டத்தரணி வைக்கும் உரிமை உண்டு.

விபத்து நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளை ஏறும் படகுக்கு அனுமதி யார் கொடுத்தது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சி சபையின் தகவல் அலுவலரிடம் இன்றே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.