தாடையும் தசையும்

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பது முன்னோர் வாக்கு. செரிமானத்தைக் கருதிச் சொன்ன சொல் இது. ஆயின், மெல்லுதலுக்கு வேறொரு பயனும் உண்டு. பல் வரிசைக்கு இடம் தேடித் தருவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

விரல்களைக் கன்னத்தின் பின்புறம் வைத்துப் பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். அங்கே திரண்டெழுவது கதுப்புத் தசை. நெற்றிப் பொட்டில் வைத்தால் இன்னொரு தசை அசையும். அது விசிறிபோல் விரிந்து கீழ்த்தாடையில் வந்து இணைவது. தாடையின் உட்புறத்தும் தசைகள் உள்ளன. இவற்றின் இழுப்பும், கடிக்கும்போது பற்களின் வழியே இறங்கும் அழுத்தமும் வளரும் தாடைக்கு உரம் போன்றவை. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதை 1892இல் ஜூலியஸ் வுல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விளக்கினார்.

பல்லின் கதை வேறு. ஈறுக்குள் உருவாகும்போதே அதன் அகலம் முடிவாகிவிடுகிறது. முளைத்த பின் அது பருப்பதில்லை. தாடையோ உழைப்புக்கு ஏற்பவும் வளர்கிறது. அது குறுகிவிட்டால் 32 பற்களும் எங்கே நிற்கும்? காலை வேளையில் காந்திபுரம் பேருந்தில் ஏறியவர்களைப்போல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாய் நிற்கின்றன. கடைசியில் வரும் அறிவுப்பல்லுக்கு இடமே இல்லை.

இது பரம்பரையன்றோ என்று கேட்பீர்கள். பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால், கொருச்சினி என்னும் அமெரிக்க மானிடவியலாரும் நம் நாட்டு அறிஞர்களும் சண்டிகர் வட்டாரத்தில் பஞ்சாபிய இளைஞர்களின் பற்களை ஆராய்ந்து 1983இல் முடிவை வெளியிட்டனர். நகரத்தாரும் கிராமத்தாரும் ஓரினத்தவரே. எனினும், பல் வரிசைக் கோளாறு நகரத்தாரிடமே மிகுதி. மென்மையான உணவே காரணம் என்பது அவர் கருத்து. 2004இல் ஹார்வர்டில், ஹைராக்ஸ் என்னும் சிறு விலங்குகளுக்குச் சமைத்த மென்னுணவைக் கொடுத்து வளர்த்தபோது, முகத்தின் கீழ்ப்பகுதி வளர்ச்சி ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தது. 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், 7 முதல் 18 வயது வரையுள்ளோரின் கதுப்புத் தசையை ஒலியலைக் கருவியால் அளந்தனர். தசை தடித்த பெண்களுக்கு மேற்பல் வளைவும் அகன்றிருந்தது. ஆண்களிடம் இத்தொடர்பு அத்துணைத் தெளிவாக இல்லை.

நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். கம்பும் சோளமும் ராகியும் உண்ட காலத்தில் எல்லாருக்கும் பல் வரிசை அழகாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கிறேன். நான் அதை அப்படியே ஏற்பதில்லை. களியை மெல்லுவார் உண்டா? குழம்பில் புரட்டி விழுங்குவதன்றோ வழக்கம்! தாடைக்கு வேலை கொடுத்தவை களியும் கூழும் அல்ல. வறுத்த நிலக்கடலை, பனங்கிழங்கு, முற்றிய தேங்காய், கணுவோடு கடித்த கரும்பு ஆகியவையே. இன்று கரும்பைச் சாறாகக் குடிக்கிறோம். தேங்காயைச் சட்டினியாக அரைத்துவிடுகிறோம்.

பல் நெருக்கத்திற்குப் பிற காரணங்களும் உண்டு. சொத்தையால் பாற்பல்லை முன்னதாகவே இழப்பது அவற்றுள் ஒன்று. மேலும், தாடை வளர்வது இளமையில்தான். வளர்ச்சி முடிந்தபின் எத்தனை கரும்பு கடித்தாலும் நெருங்கிய பற்கள் விலகிக்கொள்ளா. அதற்குப் பல் மருத்துவரின் கம்பிதான் வேண்டும்.