பொருள் சொல்லும் ஓசைகள்

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீசும்போது பனையோலைகள் ‘சடசட’ என்று அடித்துக்கொள்ளும். வாய்க்கால் தண்ணீர் ‘சலசல’க்கும். இச்சொற்களுக்கு யாரும் பொருள் சொல்லித் தருவதில்லை. ஓசையே பொருளைச் சொல்லிவிடுகிறது.

இப்படி இரட்டித்து வருவதை இரட்டைக்கிளவி என்பர். இது பிரிந்து வராது என்று தொல்காப்பியம் அன்றே விதி வகுத்தது. காதுக்கு மட்டுமா இச்சொற்கள்? ‘பளபள’ கண்ணுக்கு, ‘வழவழ’ கைக்கு, ‘குறுகுறு’ மனத்துக்கு!

இது தமிழுக்கு மட்டும் உரிய சொத்து அல்ல. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்தவர் எமனோ. திராவிட மொழிகளும் வடநாட்டு மொழிகளும் இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களைப் பொதுவாகப் பெற்றிருப்பதை அவர் 1969-ல் எடுத்துக் காட்டினார். மலையாளத்திலும் நெஞ்சு ‘படபட’ என்றுதான் அடிக்கிறது.

ஓசைக்கும் பொருளுக்கும் உறவு உண்டா? இரண்டு உருவங்கள்: ஒன்று உருண்டை, மற்றது கூர்முனை கொண்டது. ‘பூபா’ எது, ‘கிக்கி’ எது? தமிழரான மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-ல் இக்கேள்வியைப் பிரபலமாக்கினர். பின்னர் 25 மொழிகள் பேசும் 917 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 72 விடைகள், உருண்டைக்குப் ‘பூபா’, கூர்முனைக்குக் ‘கிக்கி’ என்றே அமைந்தன.

ஓசையின் உறவு உலகப் பொது என்றாலும், ‘நறநற’, ‘நமநம’ போன்ற சொற்கள் தாமாக வந்துவிடா. பல்லை எப்படிக் கடிப்பது, தொண்டை எப்படி அரிப்பது என்று பெரியவர்கள் பேசக் கேட்டே பிள்ளைகள் இவற்றைக் கற்கின்றன. மனுவிலும் பரீட்சைத் தாளிலும் இவற்றுக்கு அதிக வேலை இல்லை. பள்ளியில் வேறு மொழி படிக்கும் எல்லைப்புறத் தமிழ்ப் பிள்ளை, எழுத்தைப் பிறகுகூடக் கற்றுக்கொள்ளலாம். வீட்டுப் பேச்சில் நின்றுபோன ஓசையை எந்தப் புத்தகம் மீட்டுத் தரும்?

எனவே, ‘மழை பெய்தது’ என்று பேரப்பிள்ளை சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ‘நசநச’ என்று தூறியதா, ‘சோ’வென்று கொட்டியதா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே நல்ல தமிழ்ப் பாடம்.