நியூயோர்க்கின் காலையும் கல்முனையின் மாலையும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற எமது கரையோர ஊர்களில் வீட்டின் ஓர் அறையிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர், யுவதிகளை இன்று காணமுடிகின்றது. இவர்களுடைய வேலை மட்டும் ஏன் முடிவதேயில்லை என வீட்டார் வினவுவதுண்டு. நிரல் எழுதுவது கடினம் என்பது பாதி விடை மட்டுமே.

கோடைகாலத்தில் எமது நேரம் நியூயோர்க் நேரத்தை விட ஒன்பதரை மணித்தியாலம் முந்தியது. அங்கு காலை 9 மணிக்குக் கலந்துரையாடல் ஆரம்பமாகையில் இங்கு மாலை 6.30. குளிர்காலத்தில் அமெரிக்கர் தமது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்தள்ளியதும் அது 7.30 ஆகிவிடும். முன்னையது மஃரிபுடனும் பின்னையது இஷாவுடனும் மோதுகின்றது. ரமழானில் நோன்பு துறந்த கையோடு கணினி முன் அமரவேண்டிய நிலை. வேடிக்கை யாதெனில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையில் நியூயோர்க் உறங்கிக்கொண்டிருக்கும். அத்தொழுகைக்கு இடையூறு வருமாயின் அது கொழும்பு அலுவலகத்திலிருந்தே வரக்கூடும்!

நிறுவனங்களின் நடைமுறையும் நேரத்தை விழுங்குகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரிய மென்பொருள் திட்டமொன்றை வழிநடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ், தாமதமான திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என 1975இல் எழுதினார். ஐவர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசவேண்டிய தொடர்புகள் 10, பதின்மராயின் 45. பேச்சிலேயே பொழுது கழிய, உண்மையான வேலை நள்ளிரவுக்குத் தள்ளப்படுகின்றது. 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது பட்ட அவதி தனிக்கதை.

பழியை முழுவதும் அந்நியர்மீது சுமத்துவதும் நியாயமன்று. வீட்டிலிருப்பவரைச் சும்மா இருப்பவராகவே நாம் கருதுகின்றோம். சந்தைக்கும் வங்கிக்கும் அவரையே அனுப்புகின்றோம். பெண்ணாயின் சமையலும் பிள்ளைப் பராமரிப்பும் சேர்ந்துகொள்கின்றன. கடையில் நிற்கும் தந்தையை வியாபார வேளையில் எவரும் இவ்வாறு அழைப்பதில்லை.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் உழைப்பவர் அதன் நிழலில் ஒதுங்குவது கடினம். அவருக்குள்ள காப்பு, ஒப்பந்தத்தில் எழுதப்படுவதே. ஆகவே சம்பளத்தைப் பேசும்போதே கலந்துரையாடல் நேரத்தையும் பேசவேண்டும். ரமழான் மாதத்தில் மாலைச் சந்திப்புக்குப் பதிலாக எழுத்துமூல அறிக்கை அனுப்ப இணக்கம் பெறுவதையும் அதே வேளையில் செய்துகொள்ளலாம். பிறை கண்ட பின்னர் கேட்பது காலந்தாழ்ந்த கோரிக்கையாகவே கொள்ளப்படும்.