சொந்த வீட்டில் ஒரு மேகம்

அறிவியல் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் காலம் இது. வங்கி, மின்வாரியம், இரயில்வே, பள்ளிக் கல்வித் துறை என எதை எடுத்துக்கொண்டாலும் அதன் வேலை மென்பொருளின் துணையின்றி நடைபெறுவதில்லை. மென்பொருளை எழுதி முடிப்பது ஒரு வேலை. அதைக் கணிப்பொறியில் ஏற்றி மக்கள் பயன்படுத்தும்படி இயங்க வைப்பது மற்றொரு வேலை. ஒரு மாதத்தில் எழுதிய மென்பொருள் ஏற்றப்படுவதற்கு ஆறு மாதம் காத்திருந்தால் யாருக்கு என்ன பயன்? இக்காத்திருப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றே ‘சொந்த மேகம்’. அதைப் பற்றி இங்கு காண்போம்.

முன்பெல்லாம் புதிய மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் புதிய சர்வர் கணிப்பொறி ஒன்று வாங்குவர். விலைப்புள்ளி கேட்க வேண்டும். ஒப்புதல் பெற வேண்டும். பெட்டி வந்து இறங்க வேண்டும். கம்பிகளை இணைத்து, அடிப்படை மென்பொருள்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். இவ்வளவு பாடுபட்டு நிறுவிய சர்வர் பெரும்பாலான நேரம் தன் ஆற்றலில் சிறு பங்கை மட்டும் செலவிட்டுச் சும்மா கிடக்கும். காலமும் வீண், பணமும் வீண்.

தோழியரே! நமது தேவகோட்டையின் பெரிய செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் வளவு, அதைச் சுற்றிலும் வரிசையாக அறைகள். மகனுக்குத் திருமணம் ஆனதும் ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கப்படி அவனுக்குத் தனிச் சமையல், தனிக் கணக்கு. அதற்காகப் புது வீடு கட்டுவதில்லை. அறை முன்பே ஆயத்தமாக இருக்கிறது. சாவியைக் கொடுத்தால் போதும். சுவரும் கூரையும் முற்றமும் பொது. அறையும் பூட்டும் தனி.

சொந்த மேகமும் இப்படிப்பட்டதே. பல சர்வர்களை ஒன்றாக இணைத்து ஒரே பெரிய வீடு போல் ஆக்குகின்றனர். ஒரு கணிப்பொறியைப் பல ‘மெய்நிகர் கணிப்பொறி’களாகப் பகுத்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று அதன்மேல் இயங்குகிறது. இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே வி.எம்./370 என்ற பெயரில் இதை வெளியிட்டது. 2013இல் ‘டாக்கர்’ என்னும் கருவி வெளிவந்தது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப் பொருள்களையும் ஒரே கன்டெய்னரில் அடைத்து எங்கும் இறக்கி வைக்கும் முறை அதனால் பரவியது. 2014இல் கூகுள் வெளியிட்ட ‘குபெர்னெட்டிஸ்’ அக்கன்டெய்னர்களை மேற்பார்க்கும் மேஸ்திரி எனலாம். ஒன்று நின்று போனால் வேறொன்றை அதுவே இயக்கி விடும். ஆகவே, மாதக்கணக்கில் நடந்த வேலை நிமிடக்கணக்கில் முடிகிறது.

இதைத் ‘தனியார் மேகம்’ என்று சொன்னால் பொருள் மாறிவிடும். தனியாருக்கு உரியது என்பதன்று இதன் பொருள். ஒரே அமைப்பின் பயனுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதே பொருள். பலரும் வாடகை கொடுத்துப் பங்கிட்டுக்கொள்வது பொது மேகம். திருமண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதற்கும், சொந்த வீட்டு வளவிலேயே பந்தியிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. மண்டபத்தில் எவ்வளவு கூட்டம் வந்தாலும் இடமுண்டு; ஆனால் விதிகள் மண்டபக்காரருடையவை. சொந்த வீட்டில் விதிகள் நம்முடையவை. ஆனால் ஒட்டடை அடிப்பதும் நாமே!

நம் நாட்டு அரசு 2014இல் ‘மேகராஜ்’ என்ற திட்டத்தின்கீழ்த் தனக்கென ஒரு மேகத்தைத் தொடங்கியது. 1976இல் தோன்றிய தேசியத் தகவலியல் மையம் இதை நடத்துகிறது. தில்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களில் அம்மையத்தின் பெரிய தரவு மையங்கள் உள்ளன. ஓர் அரசுத் துறை புதுச் சேவை தொடங்க விரும்பினால் சர்வர் வாங்க அலைய வேண்டியதில்லை. மேகத்தில் இடம் கேட்டுப் பெறலாம். அயல்நாட்டிலும் இவ்வழி உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடம் 2013 முதல் தன் சொந்த மேகத்தை நடத்தி வருகிறது.

மாணவியராகிய நமக்கு இதில் என்ன அக்கறை? 2025 மே 16 அன்று வெளியான பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவை எண்ணிப் பாருங்கள். தேர்வு எழுதியோர் 8 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அத்தனை வீடுகளும் ஒரே காலை வேளையில் இணையதளத்தைத் திறக்கும். அன்று மட்டும் பல அறைகள் வேண்டும். மறுநாள் அவற்றை வேறு வேலைக்குத் தரலாம். மேக முறையில் இது எளிது. அம்முடிவுகளில் நம் பெயரும் மதிப்பெண்ணும் பிறந்த நாளும் அடங்கியுள்ளன. அவை யார் வீட்டில், யார் பூட்டின்கீழ் இருக்கின்றன என்பது நம்மைப் பொறுத்த கேள்வி அன்றோ?

எனினும், சொந்த வீடு என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் ஒன்றில் மின்கல அடுக்கு தீப்பற்றியது. 709 அரசுக் கணிப்பொறி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்னும் களஞ்சியத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அதற்கு வேறிடத்தில் நகல் இல்லாமையே காரணம். எல்லா நகையையும் ஒரே பெட்டியில் வைத்த கதையாயிற்று அது.

ஆகவே சொந்த மேகம் தரும் விரைவு அவசரத்தால் வருவதன்று. அறைகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைப்பதால் வருவது. அவ்வொழுங்கில் நகல் எடுத்து வேறிடத்தில் வைப்பதும், பூட்டைச் சோதிப்பதும், நெருப்புக்கு அஞ்சி நடப்பதும் அடங்கும். இவற்றைச் செய்ய ஆளும் பணமும் இல்லாத சிறு நிறுவனம் வாடகை மண்டபத்தை நாடுவதே அறிவுடைமை. செய்ய வல்லவர்க்கோ சொந்த மேகம் விரைவையும் தரும், உரிமையையும் காக்கும். நாளை இத்துறையில் பணியாற்றப் போகும் நம்முள் பலர், விரைவையும் விழிப்பையும் இரு கண்களாகப் போற்றுவோமாக!