கணக்கு மென்பொருளில் பின்னத்தைப் பின்னமாகவே எழுதுங்கள்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி மடிக்கணினியோடு நம்மைத் தேடிப் பள்ளிவாசலுக்கு வந்தார். அவருடைய மாமா மௌத்தாகிவிட்டார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதம் 27 லட்ச ரூபாய். வாரிசுகள்: மனைவி, இரண்டு பெண் மக்கள், தாய், தந்தை.

கல்லூரியில் பழகிய மென்பொருளில் தம்பியே பாகம் பிரித்திருந்தார். மனைவிக்கு 0.125, மகள்களுக்கு 0.67, தாய்க்கு 0.17. மிஞ்சிய 0.035 தந்தைக்கு, அதாவது 94,500 ரூபாய். மகனைப் பறிகொடுத்த பெரியவருக்கு இவ்வளவுதானா என்று வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது.

இதில் தவறு இரண்டு. முதலாவது கணினி சார்ந்தது. மூன்றில் இரண்டு என்பது 0.67 அல்ல, ஆறில் ஒன்று 0.17 அல்ல. பின்னமாகவே வைத்திருந்தால் அவர் போட்ட கணக்கின்படியே தந்தைக்கு 1/24, அதாவது 1,12,500 ரூபாய் வந்திருக்கும். தசமத்தை முழுமையாக்கியதிலேயே 18,000 ரூபாய் காணாமல் போனது!

மாக்ஸிமா என்ற இலவச மென்பொருளில் 1/8+2/3+1/6 என்று எழுதி அரைப்புள்ளி வைத்தால் 23/24 என்று பின்னமாகவே விடை தரும். தசமம் தேவையென்றால் கடைசியில் 'ஃப்ளோட்' கட்டளை கொடுத்துக்கொள்ளலாம். மேட்லேப், ஆக்டேவ் போன்றவை அப்படியல்ல. உள்ளே போனதுமே தசமமாக்கிவிடும். கணினி இரண்டடி எண்களில் கணக்கிடுவதால் 0.1 என்பதைக்கூட அதனால் துல்லியமாக வைத்திருக்க முடியாது. 0.1+0.2−0.3 என்று போட்டுப் பாருங்கள், பூஜ்யம் வராது. ஆகவே அவற்றில் இரு விடைகள் சமமா என்று கேட்காமல், வித்தியாசம் மிகச் சிறியதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறைக் கணினி கண்டுபிடிக்காது. பெண் மக்கள் இருக்கும்போது தந்தைக்கு 1/6 நிர்ணயிக்கப்பட்ட பங்கு. ஏதும் மிஞ்சினால் அதுவும் அவருக்கே. அவரை வெறுமனே 'மிச்சம் பெறுபவர்' ஆக்கியது பிழை. நான்கு பங்குகளையும் கூட்டினால் 27/24. மாக்ஸிமா அதைச் சுருக்கி 9/8 என்று காட்டும். ஒன்றைத் தாண்டிவிட்டதே என்று தட்டச்சில் பிழை தேட வேண்டாம். இங்கேதான் 'அவ்ல்' வருகிறது. 24 பங்கை 27 ஆக்கி எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறைப்பது. நான்கு மத்ஹபுகளும் ஏற்ற முறை இது. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் இருந்தபடியே இக்கேள்விக்கு விடை சொன்னதாக அறிவிக்கப்படுவதால் 'மிம்பரிய்யா' என்றே இதற்குப் பெயர்.

மென்பொருளில் ஒவ்வொரு பங்கையும் 9/8 ஆல் வகுத்தால் போதும். மனைவிக்கு 1/9, மகள்களுக்கு 16/27, தாய்க்கும் தந்தைக்கும் தலா 4/27. திரும்பக் கூட்டினால் சரியாக 1 வர வேண்டும். இந்தச் சரிபார்ப்பை விடவே கூடாது. ரூபாயில் மனைவிக்கு 3 லட்சம், மகள்களுக்குத் தலா 8 லட்சம், தாய்க்கு 4 லட்சம், தந்தைக்கும் 4 லட்சம்.

அல்ஜீப்ரா என்ற பெயருக்கே காரணமான நூலை எழுதிய அல்குவாரிஸ்மீ, அதில் பெரும் பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். ஆக, தம்பி செய்த முயற்சி புதிதல்ல, குறை சொல்லவும் மாட்டோம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்னும் சில. சைன், காஸ் போன்றவற்றுக்கு இவை கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். 30 என்று கொடுத்தால் 30 டிகிரி ஆகாது. 'லாக்' என்றால் பள்ளியில் படித்த பத்தடி மடக்கை அல்ல, இயற்கை மடக்கை. மாக்ஸிமாவில் மதிப்பு கொடுக்க முக்காற்புள்ளி. சமக்குறி போட்டால் அதை வெறும் சமன்பாடாக எடுத்துக்கொள்ளும். நேற்றுக் கொடுத்த மதிப்பு இன்றும் திறந்திருக்கும் அமர்வில் ஒளிந்திருக்கும்; புதுக் கணக்கைத் தொடங்குமுன் 'கில் ஆல்' கொடுத்து அழித்துவிடுங்கள்.

மேட்லேப் விலை அதிகம் என்று திருட்டுப் பிரதியை இறக்கிக்கொள்ளும் பழக்கமும் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது பிறர் உடைமை. ஆக்டேவ் இலவசம், மேட்லேபுக்கு எழுதிய பெரும்பாலான கட்டளைகள் அதிலும் அப்படியே ஓடும்.